விருதுக் குறிப்பில் விடுபட்ட ஆண்டு

செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் சங்கங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மேடை போடுவார்கள். ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவருக்குச் சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து, அவர் கட்டிய பாலங்களையும் மதகுகளையும் வாசிப்பார்கள். பின்னால் பேனரில் மைசூர்த் தலைப்பாகையோடு ஒரு முகம் இருக்கும். அது மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. 1861இல் அவர் பிறந்த அந்த நாளைத்தான் 1968 முதல் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எங்கள் தோழர்களில் பொதுப்பணித் துறையில் வேலை பார்ப்பவர்களும் அந்தப் படத்துக்கு மாலை வாங்கிப் போகிறார்கள். இட ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அணை கட்டியவரை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மேடையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பில் 1912 இருக்கும், 1915 இருக்கும், 1955 இருக்கும். 1918 மட்டும் இருக்காது. அந்த ஆண்டு என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவருக்கு உரியதைச் சொல்லிவிடுவோம். முத்தேனஹள்ளியில் பிறந்த அவர் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே 1881இல் பி.ஏ. முடித்தார். மேலே படிக்கப் பணமில்லை. மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. அதை வைத்துப் பூனாவில் பொறியியல் படித்து, 1883இல் முதலிடத்தில் தேறி, ஜேம்ஸ் பெர்க்லி பரிசு வாங்கினார். பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலையும் கிடைத்தது. கடக்வாஸ்லாவில் வெள்ளம் ஏறும்போது தானாகத் திறந்து, வடியும்போது தானாக மூடும் மதகுகளை அமைத்தார். 1908இல் மூசி ஆறு ஐதராபாத்தை அடித்துப் போன பிறகு, அந்த நகரத்துக்கு வெள்ளத் தடுப்புத் திட்டம் போட்டுக் கொடுத்தவரும் அவரே. யாரும் மறுக்க முடியாத வேலைகள் இவை.

அவ்வளவு திறமை இருந்தும் பம்பாய் மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் பதவி அவருக்குக் கிடைக்காது. அந்த நாற்காலி அன்று வெள்ளையருக்கு. அதனால்தான் ஓய்வு வயதுக்கு முன்பே அந்தப் பணியை விட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. நூற்றுக்கு நூறும் ஒரே கூட்டத்துக்கு ஒதுக்கிய பதவி அது. அதற்கு யாரும் இட ஒதுக்கீடு என்று பெயர் வைக்கவில்லை.

1909இல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்துக்கொண்டது. 1911இல் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியது. இன்று கிருஷ்ணராஜ சாகர் என்கிறோம். சென்னை மாகாணத்தோடு தகராறு தீராத நிலையில் முதல் கட்டத்துக்கு 80 அடி உயரம்தான் அனுமதி. அவர் முழு உயரத்துக்கும் சேர்த்தே அஸ்திவாரம் போட்டார். அந்தத் தகராறு 1924 ஒப்பந்தம்வரை போனதும், பிறகு மேட்டூர் அணை எழுந்ததும் நமக்குத் தெரிந்த கதை. சிமெண்டு இல்லாமல் சுண்ணாம்பையும் செங்கல் பொடியையும் குழைத்துக் கட்டிய அந்த அணை, அவர் பதவியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1930களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. பின்னால் வந்த பொறியாளர்களுக்கோ, செங்கல் இடித்த பெண்களுக்கோ, மூழ்கிய ஊர்க்காரர்களுக்கோ தினம் எதுவும் இல்லை.

1912இல் அவர் திவான் ஆனார். பல்கலைக்கழகம், வங்கி, பள்ளிகள் என்று நிறையச் செய்தார். ஆனால் அந்தச் சமஸ்தானத்தின் அலுவலகங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கினரான பார்ப்பனர்கள் உயர் பதவிகளில் பெரும்பாலானவற்றை வைத்திருந்தார்கள். 1917இல் பார்ப்பனரல்லாதார் பிரஜாமித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கி மன்னரிடம் முறையிட்டார்கள். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1902இலேயே பாதிப் பதவிகளை ஒதுக்கிவிட்டதால், இது கேள்விப்படாத கோரிக்கையும் அல்ல. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்.

திவான் எதிர்த்தார். சாதி பார்த்துப் பதவி கொடுத்தால் நிர்வாகத்தின் தரம் கெடும், தகுதி சாகும் என்றார். பின்தங்கியவர்களுக்குப் பள்ளி திறக்கலாம், உதவித்தொகை கொடுக்கலாம், அவர்கள் படித்து வரட்டும் என்பது அவர் கட்சி. மன்னர் இசையவில்லை. அந்த ஆண்டு இறுதியில் விஸ்வேஸ்வரய்யா திவான் பதவியை விட்டு விலகினார். இன்று நம் பிள்ளைகள் வகுப்பறையில் கேட்கும் "கோட்டா" என்ற கேலிக்கு முன்னோடியான வாதம், இந்த நாட்டின் மிகப் பெரிய பொறியாளர் வாயிலிருந்தே வந்தது.

உதவித்தொகை கொடுங்கள் என்று அவர் சொன்னதை நாங்கள் சும்மா தள்ளவில்லை. அவரே உதவித்தொகையில் படித்தவர்தானே. ஆனால் அவர் படிப்பு முடித்தபோது எதிரே வேலை காத்திருந்தது, மேலே தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க யாரும் தடுக்கவில்லை. படித்து வரும் பஞ்சமர் பிள்ளைக்கு அலுவலகத்தில் தண்ணீர்ப் பானையைத் தொடவிடுவார்களா என்ற கேள்வி அவருடைய கணக்கில் வரவே இல்லை.

மில்லர் குழு 1919இல் அறிக்கை கொடுத்தது. ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பார்ப்பனரல்லாத சமூகங்களுக்குப் போக வேண்டும், தகுதியுள்ள ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு முன்னுரிமை வேண்டும் என்றது. 1921இல் அரசாணை வந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் முதல் வகுப்புவாரி அரசாணையும் வந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மைசூரில் அந்த ஆணையின் பலன் பெரும்பாலும் நிலமும் செல்வாக்கும் இருந்த சாதிகளுக்கே போனது. நம் மக்களுக்குக் கிடைத்தது அறிக்கையில் ஒரு வரி. அந்த ஒரு வரியையும் சேர்த்துத்தான் திவான் எதிர்த்தார்.

1955இல் அவருக்குப் பாரத ரத்னா. அப்போது அண்ணல் அம்பேத்கர் உயிரோடு இருந்தார். 1927இல் மகாடில் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காகத் தன் மக்கள் அடிபடுவதைப் பார்த்தவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. பாசனமும் மின்சாரமும் அதில் சேர்த்தி. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக 1945 ஜனவரியில் கல்கத்தாவிலும், ஒரிசா நதிகளுக்காக அதே ஆண்டு நவம்பரில் கட்டாக்கிலும் கூடிய மாநாடுகளுக்கு அவரே தலைவர். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியான அமைப்பு 1945இல் உருவானதும் அவர் பொறுப்பில்தான். குளத்தைத் தொடக் கூடாது என்று விரட்டப்பட்ட சாதியிலிருந்து வந்தவர் இந்த நாட்டு ஆறுகளுக்குத் திட்டம் போட்டார். தரம் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவருக்குப் பாரத ரத்னா கொடுக்க 1990 ஆகிவிட்டது, இறந்து 33 ஆண்டுகள் கழித்து.

அதே 1990 ஆகஸ்டில் மண்டல் அறிவிப்பு வந்தபோது, வடக்கே கல்லூரி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் காட்டினார்கள், துடைப்பம் எடுத்துக் கூட்டிக் காட்டினார்கள். இட ஒதுக்கீடு வந்தால் தங்கள் கதி இதுதானாம். அந்த வேலைகளைப் பரம்பரையாகச் செய்கிறவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆண்டு விருது விழா நடத்தும் நண்பர்கள் சிலரிடம் நாங்கள் ஒன்று கேட்டிருக்கிறோம். படத்தை எடுக்க வேண்டாம், மாலையும் போடுங்கள். வாழ்க்கைக் குறிப்பில் 1915இல் ஆங்கில அரசு கொடுத்த பட்டத்துக்கு அடுத்த வரியாக, "1918: வகுப்புவாரி ஒதுக்கீட்டை எதிர்த்துத் திவான் பதவியிலிருந்து விலகினார்" என்று சேர்த்து, ஒலிபெருக்கியில் வாசியுங்கள். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.