ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சி: வானில் எவ்வளவு, வீதியில் எவ்வளவு?

வன்னியில் ஒரு செத்தவீடு என்றால் முதலில் எழும் கேள்வி, கனடாவிலிருக்கும் பிள்ளை வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான். பதிலைப் பொறுத்தே உடலை எத்தனை நாள் வைத்திருப்பது, கிரியைகளை எப்போது தொடங்குவது என்று வீட்டார் முடிவெடுப்பார்கள். இந்தக் கணக்கு தவறி, தகப்பனின் முகம் பார்க்காமலே திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

ரொறன்ரோவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். அந்தக் கோடு கிறீன்லாந்தின் மேலாகப் போகிறது. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகம் என்று வகுத்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். இணையத்தில் தேடினால் கிடைப்பதும் பெரும்பாலும் இப்படியான விடைதான். ஆனால் நேரடி விமானம் இல்லை.

டுபாய் வழியாக வந்தால் முதல் பறப்பு சுமார் 13 மணித்தியாலம். அங்கே காத்திருப்பு ஐந்து என்று வைப்போம். பிறகு கொழும்புக்கு நாலரை. மொத்தம் இருபத்திரண்டரை.

இதில் நேர வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும். கோடையில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் வெள்ளி இரவு 9 மணிக்கு அங்கே விமானம் கிளம்பினால், இங்கே சனி காலை 6.30. ஆகவே அவர் கட்டுநாயக்கவில் இறங்குவது ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு. "வெள்ளி இரவு ஏறுகிறேன்" என்று கேட்டவர்கள் சனிக்கிழமையே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வர ஒரு மணித்தியாலம். அதன்பின் புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று சுமார் 300 கிலோமீற்றர். வானில் 14,000 கிலோமீற்றர் கடந்தவருக்கு இந்த வீதியில் மட்டும் ஆறேழு மணித்தியாலம் போகும். கிளிநொச்சிக்கு வர ஞாயிறு மதியம் தாண்டிவிடும். முல்லைத்தீவு என்றால் இன்னும் கூட.

பலாலி கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. போர் அந்த வழியை நீண்டகாலம் மூடியது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் வந்தது. சென்னை வான்வழியில் சுமார் 355 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பயணம் முடிந்துவிடும்.

அவசரத்துக்கு இந்த வழியை நம்புபவர் ஒன்றைப் பார்க்க வேண்டும். சென்னை வரைக்கும் ஒரு டிக்கெட், பலாலிக்கு வேறொன்று என்று எடுத்தால், சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டி வரும். அதற்கு இந்திய வீசா வேண்டும். மரணச் செய்தி வந்த இரவில் கையில் அது இல்லாதவருக்குக் கட்டுநாயக்கவே விரைவான வழி.