முன்கூட்டியே கட்டப்பட்ட முதுமை

அமெரிக்க அஞ்சல் ஊழியர்கள் 1960 முதல் ஏனைய நடுவணரசு ஊழியரோடு பகிர்ந்துவந்த மருத்துவக் காப்பீட்டிலிருந்து 2025 ஜனவரியில் தனித் திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். இம்மாற்றத்தின் வேர் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது.

‘பொறுப்புடைமை’, ‘மேம்பாடு’ என்னும் இரு சொற்களையும் பெயரில் தாங்கிய அச்சட்டம் (சட்டங்களின் பெயர்கள் தனி ஆய்வுக்குரியவை), ஓய்வுபெறுவோரின் எதிர்கால மருத்துவச் செலவுக்கென ஆண்டுதோறும் ஏறத்தாழ 550 கோடி டாலரைப் பத்தாண்டுகள் முன்கூட்டியே செலுத்தப் பணித்தது. அடுத்த ஆண்டுகளிலேயே பொருளாதார வீழ்ச்சியும் மின்னஞ்சலும் கடிதப் போக்குவரத்தைக் குறைத்தன. 2012-இல் தவணை தவறியது. அவ்வாண்டு காட்டப்பட்ட 1,590 கோடி டாலர் நட்டத்தில் 1,110 கோடி இத்தவணைகளுக்கு உரியதே. ஆயினும் அஞ்சல்துறை திறனற்றது என்னும் வாதத்திற்கு அந்த முழுத்தொகையே சான்றாக்கப்பட்டது.

2022 ஏப்ரலில் வந்த சீர்திருத்தச் சட்டம் முன்செலுத்தும் கடமையை நீக்கி, நிலுவையையும் தள்ளுபடி செய்தது. அதற்கு ஈடாக, 2025 ஜனவரி 1-க்குப் பின் ஓய்வுபெறுவோர், சில விலக்குகள் நீங்கலாக, 65 வயதில் மெடிகேரின் ‘பி’ பிரிவில் சேர்ந்தாக வேண்டும். சேராவிடில் அஞ்சல் காப்பீடு கிட்டாது. முன்னரே ஓய்வுபெற்றோர்க்கு இக்கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

அப்பிரிவின் வழக்கமான கட்டணம் 2025-இல் மாதம் 185 டாலர். அதை ஓய்வுபெற்றவரே செலுத்துகிறார்.