சித்தூர்ச் சாலையும் சுருக்குக் கயிறும்

காட்பாடியில் புகைவண்டி ஏறித் திருப்பதிக்குச் செல்லும் அன்பர்கள் சித்தூரையும் பாகாலாவையும் கடந்தே செல்ல வேண்டும். இருமருங்கிலும் கரடுமுரடான பாறைக் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் சிற்றூர்கள், ஏரிக்கரைகள், புளியமரங்கள். வெளி மாநிலங்களில் உத்தியோகத்தின் பொருட்டு வாழும் நம்மவர் பலர் ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும்போது குலதெய்வ வழிபாட்டையும் திருமலை வேண்டுதலையும் சேர்த்தே முடித்துக்கொண்டு போவது வழக்கம். குழந்தைகளுக்கு முடியிறக்கும் நினைவிலும், அடுத்த வண்டி கிடைக்குமோ என்னும் கவலையிலும், சன்னலுக்கு வெளியே ஓடும் நிலத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை. இந்தச் சாலையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு கைது, பாரத நாட்டின் குற்றச் சட்டத்தையே ஒரு புதிய திசையில் திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். அதைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

1807-ஆம் ஆண்டு. சித்தூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே வழிப்போக்கர் கூட்டம் ஒன்று பிடிபட்டது. பார்வைக்குச் சாதாரணப் பிரயாணிகள். ஆனால் அவர்களிடம் மிகுந்த பொருள் இருந்தது. திருவிதாங்கூர் வரை சென்று, பலரைக் கொன்று, அவர்களுடைய உடைமைகளோடு திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் அது என்பது விசாரணையில் தெரிய வந்தது. அவர்களைப் 'பான்சிகர்' என்று அக்காலத்து அதிகாரிகள் குறித்தனர். வடநாட்டில் 'தக்' என்று வழங்கிய கூட்டத்தாரின் தென்னாட்டுப் பெயர் இது.

இவர்கள் முதன்முறையாக அகப்பட்டது இப்போதன்று. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த சிறிது காலத்திற்குள் பெங்களூர்ப் பக்கத்தில் ஏறத்தாழ நூறு பேர் பிடிபட்டிருந்தனர். எனினும் அவர்கள் யார், எத்தகைய தொழிலினர் என்பது அப்போது எவருக்கும் முழுமையாக விளங்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு சித்தூர்க் கைதின்போது கிடைத்த தகவல்களே நெடுங்காலமாக மறைந்து கிடந்த உண்மையை வெளிக்கொணர்ந்தன. சித்தூர் ஜில்லா மாஜிஸ்திரேட்டாக இருந்த ரைட் என்பவர் இவர்களைத் தேடிப் பிடிப்பதில் பெரிதும் முயன்றார்.

அவர்கள் கையாண்ட முறை என்ன? இருப்புப்பாதை இல்லாத காலம் அது. வணிகர்கள் தம் பணத்தை ஆள் மூலமாகவே ஊர் விட்டு ஊர் அனுப்பினர். படையிலிருந்த சிப்பாய் விடுப்பில் வீடு செல்லும்போது, சேர்த்த சம்பளத்தை இடுப்பில் முடிந்துகொண்டே நடந்தான். யாத்திரிகன் காணிக்கைப் பணத்தை மஞ்சள் துணியில் கட்டி எடுத்துச் சென்றான். தனிவழி ஆபத்து என்பது யாவரும் அறிந்ததாகையால், சத்திரத்திலும் சாவடியிலும் சந்திக்கும் அயலாரோடு கூடிச் செல்வதையே எல்லாரும் விரும்பினர். பான்சிகர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த விருப்பத்தைத்தான். "நாங்களும் அவ்வூருக்கே போகிறோம், சேர்ந்து போகலாம்" என்று இனிமையாகப் பேசுவார்கள். ஒன்றிரண்டு நாள் உடன் நடப்பார்கள். சேர்ந்து சமைத்து உண்பார்கள். தக்க இடமும் வேளையும் வாய்த்தவுடன், ஒருவனுக்கு இருவர் மூவராகச் சூழ்ந்து, கழுத்தில் துணியையோ சுருக்கையோ வீசி முடித்துவிடுவார்கள். உடலைப் புதைத்த இடம் தெரியாதபடி மண்ணைச் சமன் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கொல்லப்பட்டவர்களின் சிறு பிள்ளைகளைச் சில சமயம் தம்மோடு வைத்து வளர்த்ததும் உண்டு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவர்களுடைய பெயர்களைக் கவனிப்பதில் தனி ஈடுபாடு உண்டு. 'பான்சி' என்றால் தூக்குக் கயிறு, சுருக்கு. 'தக்' என்றால் ஏமாற்றுபவன். தெலுங்கில் 'வார்லு வாண்ட்லு' என்றனர்; வார் என்பது தமிழிலும் தோல்வாரைக் குறிப்பதுதானே. கன்னடத்தில் 'தந்தி கள்ளரு' என்றனர். இவை யாவும் செயலையோ கருவியையோ குறித்த பெயர்கள். தமிழில் வழங்கியதாகப் பதிவாகியுள்ள பெயரோ 'அரித்துலுக்கர்' என்பது. கூட்டங்களில் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களில் பல சாதியினரும் இருந்தனர் என்று அதே பதிவு கூறுகிறது. ஆயினும் வழக்கில் வந்த பெயர், செய்த கொடுமையை ஒரு சமயத்தாரின் தலையில் ஏற்றிவிட்டது. கைது நிகழ்வதற்கு முன்னரே மக்கள் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதற்கு இப்பெயர் ஒரு சான்று.

இனி, இக்கொலைஞர்கள் எங்கே வாழ்ந்தனர் என்பதைப் பார்ப்போம். மைசூர் எல்லையிலும், 1800-ல் கும்பினியார் வசமான ராயலசீமைப் பகுதியிலும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தூர்ப் பாளையங்களிலும் அவர்கள் மிகுதியாக இருந்தனர். கல்லூர், புலிச்செர்லா, பாகாலா என்று பல பாளையங்கள் அப்பகுதியில் இருந்தன. மலையும் காடும் அடர்ந்து, வெளியாருடன் தொடர்பு குறைந்திருந்த அந்த நிலம் அவர்களுக்கு நல்ல அரணாக அமைந்தது. ஊரிலிருக்கும் காலத்தில் அவர்கள் மற்றவர்களைப் போல உழவுத் தொழிலையே செய்து வந்தனர். பாளையக்காரர் சிலர் குறித்த தொகையையோ, கொள்ளையில் ஒரு பங்கையோ பெற்றுக்கொண்டு அவர்களுக்குப் புகலிடம் அளித்தனர். சாலைகளைக் காப்பதற்கென்று காவல் வரி பெற்று வந்தவர்கள் பாளையக்காரர்கள் என்பதை எண்ணும்போது இதன் கொடுமை நன்கு விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1801-ல் கர்நாடக நவாபின் ராஜ்யத்தைக் கைக்கொண்ட கும்பினியார் அடுத்த சில ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்களோடு போரிட்டு அவர்களை அடக்கியிருந்தனர். அடக்கியவர்கள் எழுதிய ஏடுகளில் அடங்கியவர்களின் குறைகள் பெரிதாகத் தோன்றுவது இயல்பே. ஆகையால் அவர்கள் கூற்றை அப்படியே ஏற்பதும் தவறு. அடியோடு தள்ளுவதும் தவறு. செல்வாக்குள்ளவர்களின் ஆதரவின்றி இத்தனை பெரிய கூட்டங்கள் இவ்வளவு நாள் நடமாடியிருக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

இந்தக் கைதைக் கேட்டு மக்கள் என்ன நினைத்தார்கள்? அந்தக் காலத்து ஏடுகளில் நாம் மிகவும் தேடவேண்டிய செய்தி இதுவே. மிகவும் அரிதாகக் கிடைக்கும் செய்தியும் இதுவே. அதிகாரிகளின் வியப்பு பதிவாகியுள்ளது. குற்றவாளிகளின் வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன. ஆனால் வரவேண்டிய மகன் வராமல், மாதம் மாதமாக வாசலைப் பார்த்திருந்த தாயின் குரல் அவற்றில் இல்லை. அவளுக்குச் செய்தி எட்டியிருக்க வழியுமில்லை. திருவிதாங்கூர்ச் சாலையில் இறந்தவனுடைய வீடு எங்கோ மராட்டியத்தில் இருக்கலாம். வழியில் காய்ச்சல் கண்டு மாண்டிருப்பான் என்றோ, புலி அடித்திருக்கும் என்றோ, பணத்தோடு ஓடிவிட்டான் என்றோ உறவினர்கள் நினைத்திருக்கலாம். பணத்தைச் சுமந்து சென்ற கூலியாளுக்கு உயிரோடு நற்பெயரும் போயிற்று.

நீதிமன்றத்திலும் இந்தக் குறையே பெருந்தடையாக நின்றது. அக்காலத்தில் கும்பினியாரின் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளுக்கு இஸ்லாமியச் சட்டமே, சில திருத்தங்களுடன், அடிப்படையாக இருந்தது. கொலைக்குத் தண்டனை விதிக்க நேரில் கண்ட சாட்சி வேண்டும்; உடன் குற்றம் புரிந்தவனின் சாட்சியம் எளிதில் செல்லாது. இங்கோ சாட்சியும் இல்லை, சடலமும் இல்லை, முறையிட வந்தவரும் இல்லை. குற்றத்தை அறிந்தவர்கள் குற்றவாளிகளே. ஆகவே பிடிபட்டவர்களைத் தண்டிப்பது பிடிப்பதைவிடக் கடினமாயிற்று.

செய்தி மெல்ல மெல்லப் பரவியது. 1810-ல் வடநாட்டில் சேனைத் தலைவர் செயின்ட் லெஜர், விடுப்பில் செல்லும் சிப்பாய்கள் விடியுமுன் நடக்கலாகாது, அயலாரோடு சேரலாகாது, ரொக்கத்திற்குப் பதிலாக உண்டியல் பெற்றுச் செல்ல வேண்டும் என்று எச்சரிக்கை செய்தார். 1816-ல் சென்னைக் கோட்டை மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட், சித்தூர் விசாரணைகளில் வெளியான செய்திகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். 1820-ல் அது கல்கத்தா ஆசியவியல் சங்கத்தின் வெளியீட்டில் மீண்டும் அச்சாயிற்று. மேலே நான் கூறிய பெயர்கள் அக்கட்டுரையில் கண்டவையே. பின்னர் ஸ்லீமன் என்னும் அதிகாரி மத்திய இந்தியாவில் இவர்களை ஒடுக்கும் பணியை மேற்கொண்டார். 1839-ல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் இங்கிலாந்து முழுவதையும் அச்சத்திலும் ஆவலிலும் ஆழ்த்தியது. அப்போதுதான் 'பொதுமக்களின் எதிரொலி' என்று நாம் இன்று சொல்லும் ஒன்று எழுந்தது. ஆனால் அது சித்தூர்ச் சாலையில் நடந்தவர்களின் எதிரொலி அன்று. கடல் கடந்து சாய்வு நாற்காலியில் அமர்ந்து படித்தவர்களின் எதிரொலி.

அந்த எதிரொலி எழுவதற்கு முன்னரே சட்டம் மாறிவிட்டிருந்தது. 1836-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம், ஒருவன் இன்ன கொலையைச் செய்தான் என்று மெய்ப்பிக்காமலே, இத்தகைய கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே ஆயுள் தண்டனை அளிக்கலாம் என்றது. கொடியவர்களை அடக்க வேறு வழியில்லை என்று அதற்குக் காரணம் கூறினர். ஆனால் செயலுக்குத் தண்டனை என்ற நிலையிலிருந்து சேர்க்கைக்குத் தண்டனை என்ற நிலைக்குச் சட்டம் நகர்ந்துவிட்டது. சேர்க்கையிலிருந்து பிறப்புக்குச் செல்ல அதிக காலம் ஆகவில்லை. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. களவென்பதையே அறியாத குழந்தையும், பிறந்த குடியின் காரணமாகப் போலீஸ் பதிவேட்டின் நிழலில் வளர வேண்டியதாயிற்று. மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் இந்தப் பதிவை எதிர்த்து நின்றபோது, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதிலும் 1952-லும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சித்தூர்ச் சாலையில் சிலரைப் பிடித்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றிருக்கவில்லை. அதற்குள் எத்தனை குடிகள் பழி சுமந்துவிட்டன!

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1970-களிலும் 1980-களிலும் பல ஊர்களை நடுங்கவைத்த கொலைஞன் ஒருவன் அகப்படாமலே இருந்தான். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மரபணுச் சோதனையின் துணையால், தூரத்து உறவினர்களின் வம்சாவளியைத் தொடர்ந்து சென்று, ஜோசப் டிஆஞ்சலோ என்னும் முதியவனைப் பிடித்தனர். அவன் ஒரு காலத்தில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவன். சாக்ரமெண்டோ நகரின் அருகே சாதாரணக் குடியிருப்பில் வாழ்ந்து வந்தவன். சாலையைக் காக்க வேண்டியவர்களே கொலைஞருக்குப் புகலிடமளித்த சித்தூர்ப் பாளையங்களின் நினைவு நமக்கு வராமற்போகாது. 13 கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான். 2020 ஆகஸ்டில் தண்டனை விதிக்கப்படுமுன், அவனால் துன்புற்றவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் நீதிமன்றத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினர். பேசி முடிக்க மூன்று நாட்கள் ஆயின. நாற்பது ஆண்டுகள் நெஞ்சில் அடைத்துவைத்த சொற்களை அவன் முகத்துக்கு நேரே கூறினர். தண்டனை அவன் ஒருவனுக்கே கிடைத்தது. அவன் பிறந்த குடிக்கோ, அவன் வாழ்ந்த தெருவுக்கோ எவரும் பழி கூறவில்லை.

இவ்விரண்டு கைதுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மரபணுச் சோதனையின் திறமையைக் காட்டிலும் அந்த மூன்று நாட்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. பழைய குற்றம் ஒன்று வெளிப்பட்டவுடன், "பிடிபட்டவன் யார், எந்த ஊர், எந்த ஜாதி?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். பிறமொழி பேசும் நகரங்களில் வாழும் நமக்கு இக்கேள்வியின் கூர்மை தெரியும். அடுத்த தெருவில் ஒரு குற்றம் நடந்தால் வெளியூரான்மீதே முதற்பார்வை விழும். வெளியூரானுக்கே ஒரு துன்பம் நேர்ந்தாலோ, அவனைத் தேடி வருவதற்குத்தான் நாளாகும். சித்தூர்ச் சாலையில் மாண்டவர்களும் ஊர் விட்டு ஊர் போனவர்கள். 'இவன் எங்கே?' என்று கேட்க அருகில் யாருமில்லை என்பதை நன்கறிந்தே அவர்களைக் குறிவைத்தார்கள்.

இன்று அந்தச் சாலையில் இரவு பகலாகப் பேருந்துகள் ஓடுகின்றன. திருமலை அடிவாரத்தில் இறங்கும் யாத்திரிகன், வந்து சேர்ந்துவிட்டதாகக் கைபேசியில் வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறான். மறுமுறை அவ்வழியே செல்லும்போது, வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாமற்போன அந்தப் பெயர் தெரியாத பிரயாணிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அயலூரில் நம் பக்கத்து அறையில் தங்கியிருப்பவர் நான்கு நாட்களாகக் கண்ணில் படவில்லையென்றால், கதவைத் தட்டி விசாரிப்போம்.