கறவை ஆடுகளில் பால் உற்பத்தி

வெள்ளாடு அதிகபட்சம் எவ்வளவு பால் கறக்கும் என்பதை அதன் இனம் தீர்மானிக்கிறது. அந்த அளவை எட்டுவது தீவனம், ஈற்று, மடிநலம், தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் சானன் பள்ளத்தாக்கில் தோன்றிய சானன் ஆடு நல்ல பராமரிப்பில் நாளொன்றுக்கு 3 லிட்டரும் அதற்கு மேலும் கறக்கும். உத்தரப் பிரதேசத்து ஜமுனாபாரி ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை தரும். தலைச்சேரி ஆடு எனப்படும் கேரளத்து மலபாரி 1 லிட்டர் அளவில் நிற்கும். தமிழகத்தின் கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகியவை இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. குட்டிகள் குடித்ததுபோக அவற்றில் மிஞ்சும் பால் சொற்பம். சானன் குளிர்நாட்டு ஆடு. அதன் வெளிர்தோல் கடும் வெயிலைத் தாங்காது; வெப்பம் மிகுந்தால் தீனி எடுப்பது குறையும், பாலும் குறையும். பால் அளவை மட்டும் பார்த்து அதை வெயில் மாவட்டங்களுக்கு வாங்கி வருவது சரியான முடிவல்ல.

முதல் ஈற்றில் பால் குறைவாகவே இருக்கும். மூன்றாம், நான்காம் ஈற்றில் உச்சத்தை எட்டி, பின்பு இறங்கும். ஒரே ஈற்றுக்குள்ளும் குட்டி போட்ட 4 முதல் 8 வாரங்களில்தான் பால் மிகுதி. இரட்டைக் குட்டி சுமந்த ஆடு ஒற்றைக் குட்டி ஈன்றதைவிடப் பொதுவாகக் கூடுதலாகக் கறக்கும். சினைக்காலத்திலேயே நஞ்சுக்கொடியில் சுரக்கும் இயக்குநீர் மடித்திசுவை வளர்த்துவிடுவதே காரணம்.

பால் உச்சத்துக்கு ஏறும் வாரங்களில் ஆட்டின் பசி அதே வேகத்தில் ஏறுவதில்லை. உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்தே அது பால் சுரக்கிறது. எனவே சினையின் கடைசி வாரங்களில் தீவனத்தைக் கவனிக்காதவரால், ஈன்ற பிறகு அள்ளிப் போட்டும் இழந்த பாலை முழுதாக மீட்க முடியாது. அகத்தி, வேலிமசால், சூபாபுல் போன்ற தழைகள் புரதம் தரும். அடர்தீவனத்தை மட்டும் கூட்டி நார்த்தீவனத்தைக் குறைத்தால் பாலில் கொழுப்புச் சத்து சரியும். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். குடிநீர் குறைந்த அன்றே கறவையும் குறையும்.

மடிநோய் வெளியே தெரியாமலே பாலைக் குறைக்கும். ஒவ்வொரு காம்பிலும் முதலில் பீச்சும் பாலைக் கருந்துணி கட்டிய கிண்ணத்தில் கறந்து பார்த்தால், திரிந்த துணுக்குகள் துணியில் தங்கி நோயைக் காட்டிக்கொடுக்கும். கறப்பவர் கையையும் மடியையும் கழுவித் துடைத்த பிறகே கறக்க வேண்டும். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதன் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடியை வற்றவிட வேண்டும். இல்லையேல் அடுத்த ஈற்றில் பால் குறையும்.