மூக்கு வழியே ஒரு பாதை

மாணவர்களே, இரு கண்களுக்கும் நடுவே, மூக்குத் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து நேர் பின்னே, தலையின் ஏறக்குறைய நடுவில், பட்டாணியளவான சுரப்பி ஒன்று இருக்கிறது. எடை அரை கிராம் அளவே. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். கபச் சுரப்பி என்று வகுப்பில் கற்பித்து வந்தோம். குதிரைச் சேணம் போன்றதோர் எலும்புக் குழியில் அது அமர்ந்துள்ளது. மேலே கண் நரம்புகள் கூடுமிடம். இருமருங்கிலும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடிகள். கீழே ஸ்பீனாய்டு எலும்பினுள் ஒரு வெற்றறை. அவ்வறையின் வாயில் மூக்கினுள் திறக்கிறது.

இச்சுரப்பியில் கட்டி வளர்ந்தால் கண் நரம்புகள் நெருக்குண்டு பார்வை ஓரங்களிலிருந்து மங்கும். சிலருக்குக் கைகளும் கால்களும் தாடையும் பருத்துவிடும். கட்டியை அடைய வழிகள் இரண்டு. மண்டையோட்டைத் திறந்து மூளையை விலக்கிச் செல்வது ஒன்று. மூக்கின் வழியே கீழிருந்து செல்வது மற்றொன்று. பண்டை எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்துகையில் மூக்கினூடே கருவியைச் செலுத்தி மூளையை அகற்றினர். இறந்தவருக்குச் செய்வது வேறு. உயிரோடிருப்பவருக்குச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும்!

அத்துணிவு 1907-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்பவருக்கு வந்தது. அவர் நோயாளியின் மூக்கையே ஒரு பக்கமாகப் புரட்டி வைத்து உள்ளே சென்றார். நோயாளி அறுவைக்குத் தப்பினார். எனினும் இரண்டரை மாதத்தில் இறந்தார். கட்டியின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது பின்னரே தெரிந்தது. 1910-இல் வியன்னாவில் ஆஸ்கார் ஹிர்ஷ் என்னும் மூக்கு மருத்துவர், முகத்தைக் கீறாமல், உணர்வு மரக்கச் செய்யும் மருந்தை மட்டும் தடவி, மூக்குத் துளை வழியாகவே சுரப்பியை அடைந்தார். யூதரான அவர் 1938-இல் நாட்டைத் துறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் குடியேற நேர்ந்தது.

அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டின் அடியே கீறி அதே அறைக்குள் நுழைந்தார். 1910 முதல் 1925 வரை அவர் செய்தவை 231. அவற்றுள் இறந்தோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. அக்காலத்திற்கு இது பெருஞ்சாதனை. ஆயினும் அவரே இவ்வழியைக் கைவிட்டார். குகை போன்ற இடுக்கில் வெளிச்சம் போதவில்லை. மேல்நோக்கி வளர்ந்த கட்டி கைக்கு எட்டவில்லை. மண்டையோட்டைத் திறக்கும் முறையோ அவர் கையிலேயே நன்கு தேர்ச்சி பெற்றுவிட்டது. அவர் முடிவில் பிழை காண மாட்டேன். ஆனால் பெரியவர் விட்டார் என்பதற்காகவே மற்றவரும் விட்டனர். அதை மட்டும் என்னால் பாராட்ட இயலாது.

விடாதிருந்த ஒருவர் நார்மன் டாட். ஸ்காட்லாந்து நாட்டவர்; 1923-இல் குஷிங்கிடம் சென்று பயின்றவர். ஆசிரியர் விட்டதை மாணவர் எடின்பரோவில் தொடர்ந்து செய்தார். நுனியில் விளக்குப் பொருத்திய கருவியையும் அமைத்துக்கொண்டார். 1956-இல் பாரிஸிலிருந்து வந்த ஜெரார்டு கியோ அவர் செய்வதைக் கண்டார். ஊர் திரும்பித் தாமும் செய்தார். கருவியின் நுனி எங்கே இருக்கிறதென்று எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செல்லும் முறையைச் சேர்த்தார். அவரிடம் கற்ற ஜூல் ஹார்டி, கனடாவின் மாண்ட்ரியாலில் 1960-களில் அறுவை நுண்ணோக்கியைக் கொணர்ந்தார். கட்டி எது, சுரப்பி எது என்று பிரித்தறிய முடிந்தது. சுரப்பியைக் காத்துக் கட்டியை மட்டும் எடுக்கலாயினர். இதற்கிடையே பென்சிலின் முதலிய மருந்துகளும் வந்துவிட்டமையால், மூக்கிலிருந்து மூளையுறைக்குச் சீழ் பரவும் அச்சமும் குறைந்தது.

அடுத்தது உள்நோக்கிக் குழல். இங்கிலாந்தின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி ஒளி மிகுந்த குழலை ஆக்கினார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் அதைக்கொண்டு மூக்கின் அறைகளை ஆராய்ந்தார். 1990-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜோ, கராவ் என்னும் இருவர் இக்குழலாலேயே பிட்யூட்டரிக் கட்டிகளை அகற்றினர். ஒருவர் மூளை அறுவை மருத்துவர். மற்றவர் மூக்கு மருத்துவர்.

பாதை அகல அகல ஒரு தொல்லையும் பெருகிற்று. மண்டையின் அடித்தளத்தில் பெரிய துளை இட்டால், மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கில் கசியும். நோய்க்கிருமி மேலே ஏறும். துளையை எதனால் அடைப்பது? வெட்டியெடுத்து வைத்த தசைத்துண்டுக்குக் குருதி ஓட்டம் இல்லை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஹதாது, பஸ்ஸகஸ்தெகி ஆகியோர் கண்ட வழி 2006-இல் வெளியாயிற்று. மூக்கின் நடுச்சுவரை மூடியுள்ள மெல்லிய சவ்வை, அதற்குக் குருதி தரும் நாடியோடு சேர்த்தே உரித்து, கதவைத் திருப்புவதுபோல் திருப்பித் துளையின்மேல் படியவைத்தனர். உயிருள்ள அச்சவ்வு ஒட்டிக்கொண்டது. கசிவு பெரிதும் குறைந்தது.

இன்று இரு துறை மருத்துவரும் ஒரே நோயாளியின் தலைமாட்டில் நின்று, இரு மூக்குத் துளைகளிலும் கருவிகளைச் செலுத்தி, ஒரே திரையைப் பார்த்து வேலை செய்கின்றனர். முகத்தில் வடு ஏதும் இராது. வீடு திரும்பும் நோயாளிக்கு அவர்கள் தவறாது கூறும் சொல் ஒன்று உண்டு: உள்ளே வைத்த சவ்வு நன்கு ஒட்டும் வரை சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தாதீர்கள்!