கல் உத்தரமும் கண்ணாடி உத்தரமும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் செல்பவர்கள், ஊர் வருவதற்குச் சற்று முன்பாகவே மொட்டைப் பாறைக் குன்றுகள் சிலவற்றைக் காணலாம். அவைதாம் நார்த்தாமலைக் குன்றுகள். அங்கே, மேலமலைச் சரிவில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் எடுப்பித்த இக்கற்கோயில் மழையால் சிதைந்ததென்றும், மல்லன் விதுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்து ஆக்கிய குடைவரைகளும் உள்ளன.

கோயிலின் அழகைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். நாம் அந்தக் கல்லிடம் ஓர் இயற்பியல் கேள்வியைக் கேட்போம். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன?

இரு தூண்கள்மீது ஒரு கல் உத்தரத்தைக் கிடத்துங்கள். தன் எடையாலும் மேலுள்ள கூரையின் எடையாலும் அது மிகச் சிறிதளவு வளையும். அப்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கருங்கல் வல்லது. ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உத்தரம் நீண்டால் அடிப்பக்கத்தில் வெடிப்புக் கண்டு முறிந்துவிடும். தூண்களை நெருக்கி நிறுத்துவதுதான் சிற்பிகள் கண்ட வழி. ஆயிரங்கால் மண்டபங்கள் தோன்றியதற்குக் கலையுணர்வுடன் கல்லின் இந்தக் குணமும் ஒரு காரணம்.

கல் உடைப்பவர்கள் இதே குறையைத் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொள்கிறார்கள். பாறையில் உளியால் ஒரே வரிசையில் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் மாறி மாறி அடிக்கிறார்கள். சற்று நேரத்தில் பெரும்பாறை கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிளக்கிறது. சம்மட்டி பாறை முழுவதையும் உடைப்பதில்லை. ஒரு விரிசலைத் தொடங்கி வைக்கிறது. விரிசல்தான் மீதி வேலையை முடிக்கிறது.

கிரிஃபித் கண்ட உண்மை

இந்த விரிசலைக் கணக்கில் பிடித்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித். 1920இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் கண்ணாடி. உருக்கிய கண்ணாடியை வெவ்வேறு பருமனுள்ள இழைகளாக நீட்டி, அவற்றை இழுத்து அறுத்துப் பார்த்தார். ஏறத்தாழ 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கம்பியைவிட, 0.0033 மி.மீ. விட்டமுள்ள இழை, அதே குறுக்குப் பரப்புக்குச் சுமார் 20 மடங்கு வலிமை காட்டியது! கண்ணாடி வலுவற்ற பொருள் அன்று. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் விரிசல்களே அதை உடைக்கின்றன. மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமேது?

ஆனால் இந்த வலிமையைப் பயன்படுத்த இரண்டு தடைகள் இருந்தன. இழை மிகுதியாகக் கிடைக்க வேண்டும். அதன் மேற்பரப்பில் கீறல் விழாமலும் காக்க வேண்டும்.

முதல் தடை 1930களில் நீங்கியது. அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய் என்ற கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, உருகிய கண்ணாடியில் அழுத்தக் காற்று பாய்ந்து மெல்லிய இழைகள் சிதறின. கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழில்முறையாக வளர்த்தார். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கார்லெட்டன் எல்லிஸ் பாலியெஸ்டர் பிசினை உருவாக்கினார். இரண்டாவது தடையும் நீங்கியது. இரண்டாம் உலகப் போரில், ரேடார் அலைகளைத் தடுக்காத மூடிகள் செய்ய இக்கூட்டுப்பொருள் பயன்பட்டது.

உத்தரத்தில் என்னென்ன?

இன்று ஆலைகளிலும் பாலங்களிலும் காணும் கண்ணாடியிழை உத்தரத்தில் என்னென்ன உள்ளன? முதலாவது இழை. பெரும்பாலும் இது 'ஈ' வகைக் கண்ணாடி. மின்காப்புக்காகப் பிறந்ததால் இப்பெயர். பாதிக்கு மேல் மணலின் சிலிக்கா. அத்துடன் சுண்ணாம்பு, அலுமினா, போரான் ஆக்சைடு. நீளவாக்கில் ஓடும் இழைக்கற்றைகள் இழுவிசையைத் தாங்கும். பாய்போன்ற விரிப்புகள் குறுக்கு வலிமை தரும். இரண்டாவது பிசின்: பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் அல்லது ஈபாக்சி. இழைகளைப் பிணைத்து, சுமையை இழைக்கு இழை பகிர்ந்தளித்து, கீறலிலிருந்து காப்பது இதன் வேலை. ஓரிழை அறுந்தாலும் விரிசல் பிசினில் தடைபட்டு நிற்கிறது. பாறையில் தங்கு தடையின்றி ஓடிய விரிசலுக்கு இங்கே ஆயிரம் வேலிகள்! இவற்றோடு பிசினை இறுக வைக்கும் வினைதொடக்கி, விலை குறைக்கும் சுண்ணத்தூள், தீ பரவலைக் குறைக்கும் பொருள், நிறமி ஆகியனவும் சேரும்.

இழைகளைப் பிசின் தொட்டியில் தோய்த்து, சூடான அச்சினூடே இழுத்தால், மறுபுறம் உத்தரமோ கோணச் சட்டமோ இடைவிடாமல் வெளிவரும். அச்சுக்குள்ளேயே பிசின் இறுகிவிடும். 1950களில் இம்முறையை வளர்த்தவர்களில் பிராண்ட் கோல்ட்ஸ்வர்தி முக்கியமானவர். இச்சட்டத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கருங்கல்லைவிடவும் குறைவு. துருப்பிடிக்காது. ஆனால் விறைப்பு எஃகின் பத்தில் ஒரு பங்களவே. ஆகவே இங்கே பொறியாளர் அஞ்சுவது முறிவைவிட வளைவுக்கே.

நம் நாட்டில்

தும்பா ராக்கெட் தளத்தில் இப்பொருளுக்கென்றே ஒரு பிரிவு இயங்கியது. அப்துல் கலாம் அதில் பணியாற்றினார். 1980 ஜூலை 18இல் ரோகிணியை ஏந்திச் சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேல்நிலைக் கூடுகளில் இழைவலுவூட்டிய பிளாஸ்டிக் இடம்பெற்றது. இன்று முப்பந்தலில் சுழலும் காற்றாலை இறகுகளும், கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன்பிடிப் படகுகளும் இதே குடும்பத்தவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரை ஊர்களில் இப்படகுகள் பெருகின.

நன்மை மட்டும் சொல்லி நிறுத்துவது அறிவியல் ஆகாது. இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. பழைய படகையும் தேய்ந்த காற்றாலை இறகையும் என்ன செய்வது என்பது உலகெங்கும் எழுந்துள்ள கேள்வி. அறுத்துத் தேய்க்கும்போது எழும் தூள் தொழிலாளியின் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்துகிறது. பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் ஆவியும் தீங்கானது. கல் உடைப்பவரின் நுரையீரலைச் சிலிக்காத் தூசி பல காலமாகத் தின்று வருகிறது. பொருள் மாறியது, உழைப்பவர் மூச்சைக் காக்கும் கடமை மாறவில்லை.

நார்த்தாமலைக் கோயில் ஒருமுறை சிதைந்தது. அதே கல்லைக் கொண்டு அதைச் செப்பனிட முடிந்தது. புதிய பொருள் ஒன்றைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு சுமை தாங்கும்? பழுதானால் சீர்செய்ய இயலுமா? அதன் காலம் முடிந்தபின் எங்கே போகும்? முதற் கேள்விக்குக் கண்ணாடியிழை சிறப்பாகவே விடை சொல்லிவிட்டது. படகில் ஓட்டை விழுந்தால் இழைப்பாயும் பிசினும் கொண்டு ஒட்டலாம். எனவே இரண்டாவதற்கும் ஓரளவு விடை உண்டு. மூன்றாவது கேள்விக்கு முழு விடை காணும் பணி, இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.