மாட்டு வண்டிக்கு வேண்டாத பல்லிணை

திருத்தணி மலைக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 365 படிகள். மற்றொன்று, ஊர்திகள் வளைந்து வளைந்து ஏறும் சாலை. இச்சாலை வளைவில் ஒரு ஜீப் திரும்பும்போது அதன் சக்கரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜீப்பின் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே ஏறத்தாழ 1.5 மீட்டர் தொலைவு எனக் கொள்வோம். ஊர்தி அரைவட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 3.14 × 1.5, அதாவது சுமார் 4.7 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வேறுபாடு மாறுவதில்லை! சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுகளுக்கு மேல் கூடுதலாகச் சுழல வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இது ஒரு சிக்கலே அன்று. இருசு அசையாமல் நிற்கிறது. குடம் அதன்மேல் தன் விருப்பம்போல் சுழல்கிறது. கடையாணி அது கழன்றுவிடாமல் காக்கிறது. இரு சக்கரங்களுக்கும் ஒன்றோடொன்று உறவே இல்லை. இழுப்பது மாடு, சக்கரத்தின் வேலை உருள்வது மட்டுமே. சக்கரத்தை உள்ளிருந்தே சுழற்றும் எஞ்சின் வந்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று. இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துச் சுழற்றினால், ஒவ்வொரு வளைவிலும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட வேண்டும்.

இதற்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலறிஞர் ஓனெசிஃபோர் பெக்கர். 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றிற்காக அவர் பதிவு செய்த அமைப்பையே நம் பட்டறைகளில் டிஃபரன்ஷியல் என்கிறார்கள். தமிழில் வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். அரை நூற்றாண்டுக்குப் பின், 1877இல், இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மிதிவண்டி வகை ஒன்றிற்கு இதே கருத்தைப் பயன்படுத்தினார். அவரும் மகனும் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதித்துச் சென்றபோது, இளைஞன் மிதித்த வேகத்தில் வண்டி திரும்பித் தந்தையைச் செடிப் புதரில் தள்ளியதாம். கதை எவ்வளவு உண்மையோ, இயற்பியல் சரியாகவே இருக்கிறது. 1885இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இடம்பெற்றது.

இது எவ்வாறு இயங்குகிறது? நம் நுகத்தடியை நினைத்துக் கொள்ளுங்கள். நுகத்தின் நடுவில் வண்டியின் ஏர்க்கால், இரு முனைகளில் இரு மாடுகள். கட்டு நடுவில் இருப்பதால் இரு மாடுகளும் இழுக்கும் விசை சமமாக இருந்தே தீர வேண்டும். ஒரு மாடு முந்தினால் நுகம் சற்றுக் கோணிக்கொள்ளும், அவ்வளவுதான். டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறிய பற்சக்கரங்கள் முடிவின்றிச் சுற்றிவரும் நுகத்தடிகளே. எஞ்சின் அவற்றை நடுவில் பிடித்துத் தள்ளுகிறது. இரு பக்கமும் இரு சக்கரங்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். ஆனால் இரண்டுக்கும் கிடைக்கும் திருப்புத்திறன் சமம். பட்டறையில் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்திய ஜீப்பைக் கண்டால், கியரில் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லிப் பாருங்கள். பூட்டில்லாத சாதாரண டிஃபரன்ஷியலாயின் மற்றது எதிர்த் திசையில் சுழலும்.

இந்தச் சமத்துவத்தில்தான் குறையும் இருக்கிறது. ஒரு மாடு இழுக்க மறுத்துவிட்டால் மற்ற மாடு எவ்வளவு வலியதானாலும் பயனில்லை. நுகம் திரும்புமே ஒழிய வண்டி நகராது. எண்களில் பார்ப்போம். 1,800 கிலோ எடையுள்ள ஊர்தியின் நான்கு சக்கரங்களிலும் சமமாக 450 கிலோ எடை விழுகிறது. பின்சக்கரங்கள் மட்டுமே இயக்கப்படுகின்றன. இடப் பின்சக்கரம் சேற்றில். அங்கு உராய்வுக் கெழு 0.1. வலப் பின்சக்கரம் உலர்ந்த பாறையில், கெழு 0.6. சேற்றுச் சக்கரம் 45 கிலோ எடை அளவு விசையைத்தான் தாங்கும். அதற்கு மேல் வழுக்கும். பாறைச் சக்கரம் 270 கிலோ வரை தள்ள வல்லது. எனினும் அதற்கும் 45தான் கிடைக்கும். மொத்தம் 90. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற 180 வேண்டும். ஆகவே ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்க, ஊர்தி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் 45 + 270 = 315. ஊர்தி ஏறிவிடும்!

இந்தப் பிணைப்பே டிஃபரன்ஷியல் பூட்டு. பெக்கர் அரும்பாடுபட்டுப் பிரித்ததை வேண்டும்போது மீண்டும் ஒன்றாக்கும் ஒரு பற்கவ்வி, அதைத் தள்ள ஒரு கோல். அமைப்பில் வேறு மாயம் எதுவும் இல்லை.

இதனை முதலில் நன்கு அறிந்தவர்கள் சொகுசு ஊர்தி வாங்கியவர்கள் அல்லர், உழவர்கள். 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து டிராக்டர் நம் வயல்களுக்குப் பழகிய பொருளாயிற்று. டிராக்டர்கள் பலவற்றில் காலடியில் ஒரு சிறு மிதி உண்டு. சேற்றுழவில் ஒரு சக்கரம் புதைந்து சுழலும்போது அதை மிதித்தால் பூட்டு விழும்; மேட்டுக்கு வந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றும் ஓட்டுநரிடம் இதைப் புதுமை என்று சொன்னால் சிரிப்பார்.

கார்களின் வரலாறு வேறு. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் ஆற்றல் மிகுந்து ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலவே, ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தை நாடினார், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் 1935இல் உருவாயிற்று. 1941இல் போருக்குப் புறப்பட்ட வில்லிஸ் ஜீப்போ எப்பூட்டும் இல்லாமலே புகழ் பெற்றது. குறைந்த எடையே அதன் வலிமை. அந்த ஜீப்பைத்தான் 1947இல் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தி வெளியிட்டது. 1973இல் அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனம் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலைச் சரக்கு ஊர்திகளுக்குக் கொண்டுவந்தது. இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்திற்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டினால் உள்ளே இருக்கும் சுழல்எடைகள் விரிந்து பூட்டை விழச் செய்யும். ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. இவ்வகைப் பூட்டு 2015இல் மகிந்திராவின் ‘தார்’ ஊர்தியின் பின் அச்சுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு பெயர் மயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாற்சக்கர இயக்கம் என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் தள்ளும் என்று பலர் எண்ணுகின்றனர். முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியலே இருந்தால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்காக இரு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் நிலையில் ஊர்தி அசையாது. இதற்குப் பூட்டு இல்லாத ஒரு தீர்வும் உண்டு. அந்தரத்தில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்தால், அது எதிர்ப்புள்ள சக்கரமாகிவிடுகிறது. நுகத்தின் மறுமுனைக்கும் அதே அளவு விசை கிடைக்கிறது. நம் ஊர்த் தேரின் ஒரு சக்கரத்திற்கு முட்டுக்கட்டை கொடுப்பதைப் போன்றது இது. இன்று கணிப்பொறி இதைச் செய்கிறது. நல்ல உபாயம்தான், ஆயினும் எஞ்சின் ஆற்றலில் ஒரு பகுதி பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. நீண்ட சேற்றுப் பாதையில் உண்மையான பூட்டே மேல் என்பது என் கருத்து.

இனி விலைக்கு வருவோம். 2021இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரு அச்சுகளுக்கும் கையால் இயக்கும் பூட்டுகள் இருந்தன. அறிமுக விலை 13.59 லட்சம் ரூபாய். 2023 ஜூனில் மாருதி ஜிம்னி 12.74 லட்சத்தில் வந்தது. எல்லா வகையிலும் நாற்சக்கர இயக்கம் உண்டு, ஆனால் பூட்டுக்குப் பதில் மேற்சொன்ன பிரேக் உபாயமே. 2020 அக்டோபரில் 9.80 லட்சத்தில் தொடங்கிய தார் நாற்சக்கர இயக்கத்துடன் கிடைத்தது. 2023 ஜனவரியில் 9.99 லட்சத்தில் தொடங்கிய தாரில் பின்சக்கர இயக்கம் மட்டுமே. 2024 ஆகஸ்ட் 15 அன்று ‘தார் ராக்ஸ்’ 12.99 லட்சம் என்று அறிவிக்கப்பட்டதும் ஊரெல்லாம் அந்த எண்ணையே பேசினர். அது பின்சக்கர இயக்க வகையின் தொடக்க விலை. நாற்சக்கர வகைகளின் விலை பிறகே வெளியாயிற்று. அது தொடங்கியது 18.79 லட்சத்தில்! மின்விசையால் விழும் பின் அச்சுப் பூட்டு இவ்வகைகளில்தான். இடையில் உள்ள 5.80 லட்சமும் பற்சக்கரங்களுக்கு அன்று. வேறு எஞ்சினும் இருக்கைகளும் திரைகளும் அதில் அடங்கும். ஆனால் ராக்ஸில் பூட்டு மட்டும் வேண்டும் என்பவருக்கு அதனைத் தனியே தரவில்லை. டிராக்டரில் ஒரு மிதியாக இருப்பது, இங்கே உயர்ந்த வகையின் அடையாளமாகிவிட்டது.

புதிய மாடல் வருகிறது என்று காத்திருப்போர் விளம்பரத்தின் முதல் எண்ணோடு நின்றுவிடாமல், எத்தனை சக்கரங்கள் இயக்கப்படுகின்றன, பூட்டு எந்த அச்சில், அது பற்கவ்வியா பிரேக்கா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டுவோருக்கு மூன்றுமே தேவையிராது. உலர்ந்த சாலையில் பூட்டைப் போட்டுக்கொண்டு திரும்பினால் முன் சொன்ன 4.7 மீட்டர் எங்கும் போய்விடாது. டயர் தேய்ந்தோ அச்சு முறுக்கிக்கொண்டோ அதற்குக் கணக்குத் தீர்க்கும்.